போட்டாச்சு

ஐஸ் பெட்டியின் ஒயர் பிளக்குக்கு எட்டவில்லை. கார் நிறுத்துமிடத்தில் மீட்டர் பலகைக்குக் கீழே குந்தியிருந்த சித்தார்த்தன் அதைப் பிடித்து இழுத்தான். பெட்டி அசைந்தது. கண்ணாடிக்குள் தம்பி பிரபுவின் தலையும் ஒருமுறை ஆடி நின்றது. சட்டென்று ஒயரைக் கீழே விட்டான்.

வாட்ச்மேன் ஓடிப்போய் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுவந்தார். பெட்டி உறுமத் தொடங்கியது.

மேற்கு மாம்பலத்துச் சந்துக்குள் வேன் வராது என்பதால் உறவுக்காரர்கள் முனையில் இறங்கி, மாலையைச் சுமந்துகொண்டு நடந்து வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: புற்றுநோய் கொண்டுபோய்விட்டது. சித்தார்த்தன் தலையாட்டினான். அத்தை அவன் கன்னத்தைத் தடவி அழுதாள்.

"கூடப் பொறந்தவன இந்தக் காலத்துல யாருடா வீட்ல வச்சுப் பாக்குறா? நீயும் ஹம்சினியும் அவனுக்கு அம்மா அப்பாவா இருந்தீங்கடா."

சுவரோரம் நின்றிருந்த ஹம்சினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு நாளாக அவள் கணவனின் முகத்தைப் பார்க்கவில்லை.

பிரபு செங்கல்பட்டில் ஒரு பள்ளியில் பி.டி. வாத்தியாராக இருந்தான். ரத்தப் புற்று என்று தெரிந்ததும் அப்பா கங்காதரன்தான் அவனைக் கொண்டுவந்து விட்டார், அடையாறு ஆஸ்பத்திரிக்கு இங்கிருந்து போய்வருவது சுலபம் என்று. மருந்து நன்றாகவே வேலை செய்தது. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது மைதானத்தில் நிற்கலாம் என்று டாக்டரே சிரித்துக்கொண்டு சொன்னார். முடி கொட்டிய அவன் தலையில் அண்ணன் மகள் இதழினி ஸ்கெட்ச் பேனாவால் முடி வரைவாள். நான்கு வயதுக் குழந்தை. அவள் வரைந்து முடிக்கும்வரை அவன் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பான்.

சிகிச்சை தொடங்கிய அன்றே நர்ஸ் கேட்டிருந்தாள், வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதா, தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்றா என்று.

"போட்டாச்சு" என்றான் சித்தார்த்தன்.

போடவில்லை. ஒன்றரை மாதத்தில் போட்ட ஊசிக்குக் குழந்தை அனலாய்க் கொதித்து, தொடை வீங்கி, விடிய விடிய வீறிட்டாள். அந்த வாரம்தான் அவன் போனில் வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தான். பிறகு ஒரு வாட்ஸ்அப் குழு. ஊரே ஏமாந்து கிடக்க, தனக்கு மட்டும் உண்மை தெரிந்துவிட்டது போல் ஒரு மிதப்பு. ஒன்பதாம் மாதம் தட்டம்மை ஊசிக்காக ஹம்சினி பையை மாட்டிக்கொண்டு கிளம்பி நின்றாள். ஒரு வயது ஆகட்டும் என்றான். அதற்குள் கொரோனா. அது முடியட்டும் என்றான். வேண்டாம் என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. அவளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்பதை விட்டுவிட்டாள். நர்ஸிடம் அவன் சொன்னபோது அவள் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாசியில் குழந்தைக்குச் சளி பிடித்தது, காய்ச்சல் வந்தது. பொடிப்பொடியாக உடம்பெங்கும் சிவந்தபோதுதான் தட்டம்மை என்று தெரிந்தது. அதற்கு முந்தைய நாள்வரை அவள் சித்தப்பாவின் மடியில்தான் இருந்தாள்.

அவள் எழுந்து விளையாடத் தொடங்கினாள். பிரபு படுத்தான். அம்மை நுரையீரலில் இறங்கிவிட்டது. ஊசி போடாததை ஹம்சினிதான் அவனிடம் சொல்லியிருப்பாள். ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டு அவன் அண்ணனிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

"அப்பாவுக்குத் தெரிய வேணாம்ணே. தாங்க மாட்டாரு."

அதைச் சொல்லிவிட்டு, குழந்தை சாப்பிடுகிறாளா என்று கேட்டான்.

இப்போது இதழினி படியிறங்கி வந்தாள். கன்னத்தில் அம்மைத் தடம் இன்னும் பழுப்பாக உரிந்துகொண்டிருந்தது. பெட்டியை எட்டிப் பார்த்தாள். நேரே தாத்தாவிடம் போய் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு சரியாப் போச்சு தாத்தா. சித்தப்பாவுக்கு ஏன் சரியாவல?"

பெட்டியின் உறுமல் மட்டும் கேட்டது. கங்காதரன் குழந்தையின் கன்னத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து மகனைப் பார்த்தார். ஹம்சினி வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டாள்.

கல்யாணமாகாத தம்பிக்கு அண்ணன்தான் எல்லாம் செய்தான். கண்ணம்மாபேட்டை மின்மயானத்தில் இரும்புக் கதவு இறங்கி மூடிக்கொண்டது. வெளியே சிமெண்ட் பெஞ்சில் அப்பா தனியாக உட்கார்ந்திருந்தார். சித்தார்த்தன் பக்கத்தில் போய் நின்றான்.

"குழந்தைக்கு ஊசியெல்லாம் போட்டிருந்தீங்கல்ல?"

கேள்வியில் கோபமில்லை. ஆமாம் என்று சொல்லிவிடேன் என்று கெஞ்சுவது போலத்தான் இருந்தது.

"போட்டோம்பா."

கங்காதரன் மூச்சை விட்டார். மகனின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப அவன் விதி. நாம என்ன பண்ண முடியும்."

தம்பி கேட்டுக்கொண்டதைத்தான் செய்தோம் என்று நினைக்கப் பார்த்தான் சித்தார்த்தன். முடியவில்லை. அப்பாவின் கை வேர்த்து வெதுவெதுப்பாக இருந்தது. அவர் விடுகிறவரை அவன் கையை எடுக்கவில்லை.

குழாயடியில் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு வீடு திரும்பினார்கள். ஷாமியானாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா வாட்ச்மேனிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். சித்தார்த்தன் லிஃப்டுக்குப் போனான்.

உள்ளே மூன்றாம் மாடி ஜெனிதா நின்றிருந்தாள். தோளில் அவளுடைய ஆறு மாதக் கைக்குழந்தை. பால் குடித்த தூக்கத்தில் வாய் லேசாகத் திறந்திருந்தது. அவனைப் பார்த்ததும் கதவு மூடாமல் காலால் தடுத்துப் பிடித்தாள்.

"வாங்கண்ணா."

"நீங்க போங்க."

"இடம் இருக்குண்ணா, வாங்க."

அவன் ஓரடி பின்னால் நகர்ந்தான். தீட்டு என்று நினைத்திருப்பாள். காலை எடுத்தாள். வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கதவு மூடி, லிஃப்ட் மேலே போகும்வரை அவன் மூச்சை அடக்கி நின்றான்.