கேதாரத்துக்குப் போன குழவி

மலையில் கல்லுக்குப் பஞ்சமில்லை. ருத்ரப்பிரயாகையிலிருந்து கேதாரம் வரைக்கும் கால் வைக்கிற இடமெல்லாம் கல்தான். அந்த வழியில் நான் காஞ்சிபுரத்திலிருந்து ஓர் அம்மிக்குழவியை முதுகில் சுமந்துகொண்டு போனேன். எங்கள் குடும்பத்தில் முதல் பி.ஏ. நான்தான். அந்தப் பட்டத்துக்குக் கிடைத்த முதல் வேலை அது.

குழவி சம்பூர்ணம் அத்தையுடையது. தீபாவளி அமாவாசையன்று கேதாரகௌரி நோன்பு. எங்கள் தெருவில் சில வீடுகளில் அம்மிக்குழவியைக் கழுவி, மஞ்சள் பூசி, பட்டுத்துண்டு சுற்றி, அதையே அம்மனாக நிறுத்தி, அதிரசம் படைத்துக் கயிறு கட்டிக்கொள்வார்கள். பயணத்தின் நடுவில் அமாவாசை வருகிறது என்று தெரிந்ததும் அத்தை குழவியைக் கட்டிவிட்டாள். அங்கே ஒரு கல் கிடைக்காதா என்றேன். "எங்க வூட்டு அம்மன விட்டுட்டு கண்ட கல்லக் கும்புடச் சொல்றியா?" என்றாள்.

அத்தையின் கணவர் திருஞானசம்பந்தம், என் அம்மாவுக்குப் பெரியப்பா மகன். பெரிய காஞ்சிபுரத்தில் அவருக்குச் சொந்தத் தறிகள் உண்டு. அவற்றுக்குப் பட்டுநூலைத் தாரில், அதாவது நாடாவுக்குள் போகும் சின்னக் குச்சியில், சுற்றிக் கொடுப்பது என் அம்மா தில்லையம்மாளின் வேலை. தீபாவளிப் புடவைகளை முன்னதாகவே கடைக்குக் கொடுத்துவிட்டு, பக்தி பொங்க, மாமா யாத்திரை கிளம்பினார். கூடவே பஞ்சாட்சரம் என்ற தறிக்காரர். மாமா சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவதும், நடுநடுவே தேவாரம் பாடி மலையைத் துன்புறுத்துவதும் அவர் பொறுப்பு. சமைக்க அம்மா. இங்கிலீஷில் பேச நான். இந்தி எங்களில் யாருக்கும் தெரியாது. கல்லூரியில் இருந்தபோது அதை எதிர்த்து ஊர்வலம் போனவள் நான். அதற்காக இன்றும் வருத்தமில்லை.

அம்மா வந்தது சமைப்பதற்காக அல்ல. அப்பா இருந்தவரை அவளும் அந்த நோன்பை எடுத்தவள். அவர் போன பிறகு, நோன்பு வருகிறபோது மாவு இடிப்பதும் பாகு காய்ச்சுவதும் அதிரசம் சுடுவதும் அவள் கைதான். படைத்து முடித்ததும் அதே அதிரசத்தை அவள் தொடக்கூடாது. கயிறு கட்டும்போது அந்தப் பக்கம் வரக்கூடாது. அடுப்படி வரைக்கும் அந்தக் கைக்குத் தீட்டில்லை போலும்.

"உனக்கு எதுக்கும்மா இந்த மலையும் குளிரும்?" என்று கிளம்பும்போது கேட்டேன்.

"அந்த நோன்புக்கார சாமிய நேருல பார்த்து ஒரு வார்த்த கேக்கணும்டி. எனக்கு நோன்பு இல்லன்னு சொன்னது நீயா, இவங்களான்னு."

எனக்குச் சாமி இல்லை. ஆனால் அந்தக் கேள்வி பிடித்திருந்தது. அதற்காகத்தான் குழவியைத் தூக்கினேன்.

ருத்ரப்பிரயாகைக்கு மேலே மழையில் ரோடு சரிந்து கிடந்தது. பஸ் இல்லை. மாமாவுக்கு மகிழ்ச்சி. "சாமியே நம்மள நடக்க வெச்சிட்டாரு பாத்தியாப்பா!" என்று பஞ்சாட்சரத்தின் முதுகில் தட்டினார். மூட்டை தூக்க அங்கே ஆட்கள் இருந்தார்கள். மாமா ஒப்புக்கொள்ளவில்லை.

"கூலிக்காரன் தூக்கினா புண்ணியம் அவனுக்குப் பூடும்மா."

அந்தக் கணக்குப்படி மொத்தப் புண்ணியமும் என் முதுகில் சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்தது கொப்புளம். மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய ராணுவக் கான்வாஸ் பையில் குழவி, அதிரச டின், அரிசி. அம்மா தலையில் பாத்திர மூட்டை. மாமா கையில் கோல், தோளில் துண்டு. பஞ்சாட்சரத்திடம் திருநீற்றுப் பை.

ஒவ்வொரு நாளும் ஒரே கூத்து. அந்த வழியில் யாத்திரைக்காரர்கள் தங்கும் கொட்டகைக்குச் சட்டி என்று பெயர். அங்கே அரிசி பருப்பு வாங்கினால் படுக்க இடம் தருவார்கள். விடிந்ததும் மாமா பனித்தண்ணீரில் குளித்துவிட்டு ஊருக்கே கேட்கும்படி நடுங்குவார். அத்தை மடிப்புடவை காய்கிறதா என்று காத்திருப்பாள். மேகத்துக்குள் தொங்கவிட்ட துணி எங்கே காயும்? வெயில் ஏறி, டிகாக்ஷன் இறங்கி, பஞ்சாட்சரம் ஒரு பதிகத்தைக் கொன்று முடிக்கும்போது மற்ற யாத்திரைக்காரர்கள் அடுத்த சட்டியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

புறப்படும்போது அம்மா முன்னால் வரக்கூடாது. தாலி இல்லாதவள் எதிர்ப்பட்டால் சகுனம் கெடும். ஆகவே அவர்கள் போய், வளைவில் மறைந்த பிறகுதான் நாங்கள். அம்மாவோ வேகமாக நடப்பவள். கொஞ்ச தூரத்திலேயே பாறையில் உட்கார்ந்து கால் பிடித்துக்கொண்டிருக்கும் அவர்களை எட்டிவிடுவோம். உடனே அம்மா வளைவுக்குப் பின்னால் நின்றுவிடுவாள்.

"தாண்டிப் போலாம் வாம்மா."

"வேணான்டி. கெளம்பட்டும்."

இப்படி ஓர் இமயமலையை முழுக்க, நான்கு சோம்பேறிக் கால்களுக்கும் ஒரு தேவாரத்துக்கும் பின்னால், நின்று நின்று ஏறினோம்.

அமாவாசைக்கு முதல் நாள் ராம்பூர்ச் சட்டிக்கு வந்தோம். அங்கே ரோடு வேலையில் இருந்த ஓர் ஓவர்சியர் டீ குடித்துக்கொண்டிருந்தார். இங்கிலீஷ் பேசினார். "வேகமாகப் போங்கள். அமாவாசை கழிந்த இரண்டாம் நாள் விடியற்காலையில் கோயிலைச் சாத்திவிடுவார்கள். உற்சவரைப் பல்லக்கில் கீழே கொண்டுபோய்விடுவார்கள். பிறகு ஆறு மாதம் பனிதான்" என்றார். கேதாரம் இன்னும் இரண்டு நாள் நடை. நிற்காமல் போனால் சாத்துவதற்கு முதல் நாள் பார்த்துவிடலாம்.

மாமாவிடம் சொன்னேன்.

"நாளைக்கு அமாவாசைம்மா. தறியில குந்தாத நாளு. நடக்கறதும் வேலதான? நாளைக்கு ரெஸ்டு. உங்க அத்தைக்கு நோன்பு வேற இருக்குது."

"ஒரு நாள் நின்னா போய்ச் சேரும்போது நடை சாத்தியிருக்கும் மாமா."

"ரெண்டாம் நாள் மத்தியானம் மேல இருப்போம். சாத்தற அன்னிக்கே போய் நிக்கறது விசேஷம்."

"விடியகாலையிலயே சாத்திடுவாங்களாம்."

மாமா சிரித்தார். பஞ்சாட்சரமும் சிரித்தார். "அர்த்தஜாமம் ஆவாம எந்த ஊர்லம்மா நடை சாத்துவாங்க? ஏகாம்பரநாதர் கோயில் மணி கேட்டு வளர்ந்தவன் நானு. எனக்கே பூசை டைம் சொல்றியா?"

"இது ஏகாம்பரநாதர் கோயில் இல்ல."

"சிவன் கோயில் எல்லாம் ஒண்ணுதாம்மா. பி.ஏ.வுல அது சொல்லித் தரல போலக்குது."

"கேதாரத்துக்கே போறோம். வழியில குந்திக்கினு கேதாரகௌரி நோன்பு எதுக்கு அத்தை? வாசல்லயே போய்க் கும்பிடலாமே."

"நோன்புன்னா குந்தி எடுக்கணும்டி. நடந்துக்கினே எடுக்க இது இன்னா வேர்க்கடலையா கொறிச்சுக்கினு போறதுக்கு?" என்றாள் அத்தை. மூவரும் மறுபடி சிரித்தார்கள். கோயில் நகரத்தில் பிறந்துவிட்டால் கடவுளின் கைக்கடிகாரமே தங்கள் வீட்டு ஆணியில் மாட்டியிருப்பதாக நினைப்பு.

சாயங்காலம் ஓடையில் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தோம். அம்மா சாம்பலை அள்ளி ஒரே குண்டானைத் திரும்பத் திரும்பத் தேய்த்தாள். நான் அவள்மேலும் கோபமாக இருந்தேன். எத்தனை வருஷமாக வளைவுக்குப் பின்னாலேயே நிற்பது?

"மூணு பேரையும் திட்டித் தீர்த்துட்டு வரட்டுமா?" என்றேன்.

"எதுக்கு? நோன்பு எடுக்கறவங்கதான நாளைக்கு நிக்கணும்?" குண்டானைக் கவிழ்த்தாள். "நான்தான் எடுக்கறவ இல்லியே."

அவ்வளவுதான் சொன்னாள். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

அமாவாசைக் காலையில் பையிலிருந்து குழவியையும் டின்னையும் எடுத்து அத்தையின் முன்னால் வைத்தேன். இரண்டு கம்பளி, கொஞ்சம் அவல், வெல்லம் மட்டும் எங்களிடம்.

"எங்கடி கெளம்பிட்டீங்க?"

"கேதாரத்துக்கு. அதுக்குத்தான வந்தோம்?"

"அண்ணன் சொல்லாம எங்க போவ தில்ல? நோன்பும் அதுவுமா என் முன்னாடி வராத, சொல்லிட்டேன்."

"வர்ல அண்ணி. போறேன்" என்றாள் அம்மா.

மாமா வாசலுக்கு வந்தார். "ரெண்டு பொம்பளைங்க தனியா, பாஷ தெரியாத ஊர்ல! ஏதாச்சும் ஆனா நான் ஜவாப்தாரி இல்ல."

"நேத்து வரைக்கும் எதுக்கு ஜவாப்தாரியா இருந்தீங்க மாமா?" என்றேன். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பஞ்சாட்சரம் அவர் சார்பில் தலையாட்டினார்.

முதுகில் கல் இல்லாமல் நடப்பது எப்படி என்பதை அன்றுதான் கண்டேன். முன்னால் பதிகம் இல்லை. ஆற்றின் சத்தம் கேட்டது. அம்மா எந்த வளைவிலும் நிற்கவில்லை. குதிரைக்காரன் ஒருவன் வழிவிட்டான். பஞ்சாபிக் கிழவி ஒருத்தி அம்மாவின் கையில் உலர்ந்த ஆப்பிள் துண்டுகளைத் திணித்துவிட்டுப் போனாள். அம்மாவின் நெற்றியைப் பார்த்து யாரும் முகம் திருப்பவில்லை. அவளுக்கு அதுதான் அதிசயமாக இருந்தது. "யாரும் ஒண்ணுமே சொல்லலியேடி" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். கௌரிகுண்டத்தின் வெந்நீர் ஊற்றில் முங்கிவிட்டு அங்கேயே தங்கினோம்.

மறுநாள் இருட்டோடு ஏறத் தொடங்கினோம். செங்குத்து. மூச்சு முட்டியது. ஓரங்களில் பனி. எனக்குத் தலை சுற்றி இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். அம்மா என்னை இழுத்துக்கொண்டு போனாள். மத்தியானம் கோயிலுக்கு முன்னால் நின்றோம். கூட்டம் அதிகமில்லை.

உள்ளே லிங்கம் என்று எதுவும் இல்லை. தரையிலிருந்து முளைத்த ஒரு பாறை. அதைச் சுற்றி உட்கார்ந்து ஆண்களும் பெண்களும் கையால் நெய் தடவினார்கள், கட்டிக்கொண்டார்கள், நெற்றியால் முட்டினார்கள். எங்கள் ஊரில் கருவறைப் படிக்கட்டைக்கூட நாங்கள் தொட்டதில்லை. பூசாரி அம்மாவைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"இன்னாடி சொல்றாரு?"

"தொடச் சொல்றாரு போல."

"என்னையா?" முக்காட்டை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டாள். "வேற யாரையாச்சும் இருக்கும்."

பூசாரிக்கு நேரமில்லை. அம்மாவின் கையைப் பிடித்து நெய்க் கிண்ணத்தில் விட்டு, பாறைமேல் வைத்தார்.

தார் சுற்றித் தேய்ந்த விரல்கள். முதலில் அவை எழுந்துவிடப் பார்த்தன. பிறகு பரவின. அம்மா இரண்டு கையாலும் பாறையைக் கட்டிக்கொண்டு நெற்றியை அதன்மேல் வைத்தாள். அவளுடைய வெள்ளைப் புடவையின் மார்பெல்லாம் நெய். பின்னாலிருந்தவர்கள் தள்ளும்வரை எழுந்திருக்கவில்லை. எனக்கு அப்போதும் கல் கல்தான். ஆனால் அவளை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

வெளியே வந்ததும் கேட்டேன்: "கேட்டியா?"

"எத?"

"அந்த ஒரு வார்த்தையை."

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அடியே, மறந்தே பூட்டேன்டி."

ஓவர்சியர் சொன்னபடியே மறுநாள் விடியற்காலையில் கதவைச் சாத்தி முத்திரை வைத்தார்கள். உற்சவர் பல்லக்கில் ஏறினார். கொட்டும் கொம்புமாக ஊர்வலம் கீழே இறங்கியது. நாங்களும் பின்னாலேயே இறங்கினோம்.

பாதி மலையில் எதிரே வந்தார்கள். முதலில் மாமா, கோலை ஊன்றி, வாயைப் பிளந்துகொண்டு. அப்புறம் பஞ்சாட்சரம், அதிரச டின்னோடு, பாட்டு நின்றிருந்தது. கடைசியில் சம்பூர்ணம் அத்தை, என் கான்வாஸ் பையோடு. பல்லக்கைப் பார்த்ததும் மூவரும் திகைத்து நின்றார்கள். பல்லக்கோடு வந்த ஒருவன் கையை விரித்து, கதவு மூடுவதுபோல் காட்டினான். மாமாவுக்குப் புரிந்தது. அர்த்தஜாமக்காரரின் முகம் பார்க்கத் தகுந்ததாக இருந்தது.

அது ஒரு கணம்தான். அடுத்த கணமே பாதையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அத்தையும் பஞ்சாட்சரமும் விழுந்தார்கள். பல்லக்கு தாண்டிப் போனது. எழுந்தபோது மாமாவின் கண்ணில் நீர். குரலில் பழைய ஜம்பம்.

"பாத்தியா பஞ்சாட்சரம்! நம்ம நோன்புக்கு எறங்கி சாமியே நேருல வந்துட்டாரு! இவங்க ரெண்டு பேரும் மலையேறிப் போய்ப் பார்த்தாங்க. நம்மளத் தேடி அவரே வந்தாரு!"

காஞ்சிபுரத்தில் அவர் என்ன சொல்லப்போகிறார் என்பது எனக்கு அப்போதே கேட்டுவிட்டது.

அத்தை அம்மாவின் புடவையைப் பார்த்தாள். "இன்னாடி இது, மாரெல்லாம் கறை?"

"நெய் அண்ணி. சாமி மேல தடவினது. கட்டிக்கினேன்."

"கட்டிக்கினியா? சாமியவா? தாலியறுத்த கையால தொட்டியா நீ?"

"தொட்டேன்."

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாமா "அபசாரம்" என்றார். அவரை முந்திக்கொண்டு பஞ்சாட்சரம், யாத்திரையிலேயே முதல் தடவையாகச் சொந்தமாக ஒன்று பேசினார்:

"அதான் சங்கதி! இந்தம்மா தொட்டதுல சாமியே கோயில வுட்டு எறங்கி ஓடியாந்துட்டாரு!"

மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். அத்தையும் சிரித்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பேசினாள். அடுப்படியிலிருந்து உப்பு போதுமா என்று கேட்கிற அதே குரல்.

"அப்பிடீன்னா நான் தொட்ட சாமியத்தான இப்ப மூணு பேரும் வுழுந்து கும்புட்டீங்க?"

மாமா நெற்றியில் ஒட்டியிருந்த மண்ணைத் தொட்டுப் பார்த்தார். துடைப்பதா வைத்துக்கொள்வதா என்று அவருக்குத் தெரியவில்லை. கீழே கொட்டுச் சத்தம் தேய்ந்து போய்க்கொண்டிருந்தது.

அத்தைதான் முதலில் தேறினாள். தோளிலிருந்து பையை இறக்கி என் பக்கம் நீட்டினாள். "சரி சரி, போற வழியப் பாப்போம். கமலா, குழவியப் புடி."

நான் கை நீட்டவில்லை. அம்மா குறுக்கே வந்து, தன் நெய்க்கையைப் பைமேல் வைக்கப் போனாள். "குடுங்க அண்ணி, நான் தூக்கறேன்."

அத்தை வெடுக்கென்று பையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஐயோ, படைச்ச அம்மன்! நீ தொடாத!"

"தொடல" என்றாள் அம்மா. "கமலாவும் தொட வேணாம். என்னை ஒட்டிக்கினே வந்தவ, அவளுக்கும் தீட்டுதான்."

பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். அத்தையே ருத்ரப்பிரயாகை வரை குழவியைச் சுமந்தாள். பாரம் இறக்கத்தில்தான் முழங்காலைப் பிடிக்கும். அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை.