சிவப்பை அணைத்த ஒரு வரி

...கோடில் ஒரே ஒரு வரி, அதுவும் நான் கண்டுபிடித்தது இல்லை, எவனோ செய்து வைத்த வாய்ப்பூட்டு, போட்டதும் எச்சரிக்கை எல்லாம் அடங்கிவிட்டது, வைட்ஃபீல்டின் இந்த மூன்றாவது மாடி மென்பொருள் அலுவலகத்தில் காலையிலிருந்து நான் மேதை. "எப்படிடா பண்ணினே, நீல்?" என்கிறாள் பக்கத்து நாற்காலி ஸ்ரீவித்யா, என்னைச் சிபாரிசு செய்த பாவம் அவளுடையது, தோளைக் குலுக்குகிறேன், மேதைகள் வேறென்ன செய்வார்கள்... பிற்பகல் டயாலிசிஸ் மையத்தாருக்கு அவர்கள் நோயாளிகளுக்கான வலைப்பக்கத்தைக் காட்டியதும் என் வேலை நிரந்தரமாகும், சொதப்பினால் அடையாள அட்டையைக் கழற்ற வேண்டியதுதான், மேனேஜர் மஞ்சுநாத் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அந்தப் பக்கம் இரண்டு முறை உருவாகும், முதலில் சர்வரில், பிறகு நோயாளியின் போனில், இரண்டும் ஒத்துப்போக வேண்டும், ஆனால் இங்கே விடியும் முன், வெளிநாட்டு நேரத்தில் ஓடும் சர்வரின் கடிகாரத்தில் இன்னும் நேற்று, அது 'உங்கள் முறை நாளை' என்று எழுதி அனுப்பும், போன் பதறி 'இன்று' என்று திருத்திவிட்டு ஓர் எச்சரிக்கையும் போடும், தினமும் சிவப்பு சிவப்பாக, மஞ்சுநாத்துக்கு அந்தச் சிவப்புதான் உறுத்தல், அதன் வாயைக் கட்டினேன். கட்டினால் திருத்தமும் நின்றுவிடும், சர்வர் சொன்னதே நிற்கும், பூட்டைச் செய்தவன் விளக்கக் குறிப்பில் தெளிவாகவே போட்டிருக்கிறான், இதையெல்லாம் யார் படிப்பார்கள், நான் படித்தேன், மதியம், தயிர் சாதத்தோடு... பூட்டை எடுத்தால் சிவப்பு திரும்பும், சரியாகத் திருத்த ஒரு நாளாவது வேண்டும், கூட்டமோ இதோ தொடங்கிவிட்டது.

பகலில் எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது, அதுதான் கொடுமை, மையத்தின் டாக்டர் திரையில் தலையாட்டுகிறார், "நம்ம ஹுடுகா சார், நம்ம பையன், ஒரே லைன், எல்லாம் கிளீன்," என்கிறார் மஞ்சுநாத், என் பக்கம் திரும்பி, "ஏதாவது சொல்லணுமா நீலு?" சொல்லணுமா, சொன்னால் யார் பிழைப்பது, சொல்லாவிட்டால்... எவரோ ஒருவர், கால் வீங்கி, தூக்கம் வராமல், இருட்டில் போனைப் பார்ப்பார், நாளை என்றிருக்கும், அப்பாடா, இன்று ஊசி இல்லை என்று திரும்பிப் படுத்துக்கொள்வார், எவ்வளவு நிம்மதியாக இருக்கும் அவருக்கு, அந்த முகம் எப்படி இருக்கும் என்று யோசிக்கிறேன், "சொல்லுப்பா," என்கிறார் மஞ்சுநாத், திரையின் மூலையில், என்னைக் காட்டும் சின்னக் கட்டத்தில், அதே நிம்மதியான முகம், எனக்குத்தான்.