ஐம்பத்து நான்கு

சட்டைக்குள் இடது கை போய்விட்டது, வலது கைதான் வளைந்து கொடுக்கவில்லை. மருமகன் ஒரு பக்கமும் எதிர்வீட்டுத் தையல்காரர் மறுபக்கமுமாக அவரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு திண்டாடினார்கள்.

"முதுகுல நீளமா வெட்டி விட்டுடலாம் தம்பி. படுக்க வச்சா வெளியில தெரியாது" என்று தையல்காரர் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார்.

"வெட்டாதீங்க" என்றாள் அவள், கதவருகிலிருந்து. "நல்ல சட்டை."

சொன்ன பிறகுதான், இனி அந்தச் சட்டை நல்லதாக இருந்து யாருக்கு ஆகப்போகிறது என்று தோன்றியது. ஆனாலும் உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து, கணவரின் வலது கையை மணிக்கட்டில் பற்றி மெல்லத் தூக்கினாள். பற்றியதுதான் தாமதம், அவளுடைய மூன்று விரல்களும் பழக்கதோஷத்தில் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் பள்ளத்தைத் தேடிப் போய்விட்டன. மூன்று வருஷமாகத் தினமும் காலை ஏழு மணிக்கு அவள் துடிப்பை எண்ணிய இடம். இப்போது அங்கே ஒன்றுமில்லை.

"ஐம்பத்தி நாலு" என்றாள்.

"என்னத்தை?"

"ஒண்ணுமில்ல. நீங்க தூக்குங்க மாப்பிள்ளை."

சட்டை ஏறிவிட்டது. பொத்தான்களை அவளே போட்டாள்.

ஐம்பத்து நான்கு என்பது அன்று காலை அவருடைய நாடித்துடிப்பு. ஐம்பத்தைந்துக்குக் கீழே போனால் அன்றைக்கு மாத்திரையை நிறுத்திவிட்டு எனக்குப் போன் பண்ணுங்கள் என்று டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்த அன்றே சொல்லியிருந்தார். அவள் இரண்டாவது முறையும் எண்ணினாள். அதே ஐம்பத்து நான்கு. "ஒண்ணு குறைஞ்சா குடி முழுகிடுமா? கொண்டா இப்படி" என்று அவர் மாத்திரையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். அவளும் கொடுத்தாள். ஒன்பதரை மணிக்கு, வேலைக்குக் கிளம்ப நாற்காலியில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

பத்தரைக்கு மகள் வந்தாள். வாசலிலேயே அவளைக் கட்டிக்கொண்டு இவள் அந்த ஒன்றைத்தான் முதலில் சொன்னாள். "ஐம்பத்தி நாலுடி. குடுக்காதேன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. குடுத்துட்டேன். நான்தாண்டி உங்கப்பாவைக் கொன்னுட்டேன்." மகள் இவள் தோளில் முகத்தைப் புதைத்து ஓவென்று அழுதாள். "அப்படியெல்லாம் சொல்லாதேம்மா" என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

எண்ணிக்கையில் அவள் தவறு செய்ததே கிடையாது. அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் இருபத்தாறு வருஷம். தாள்கட்டை ஒரு மூலையில் பிடித்து விசிறிபோல் விரித்து, ஐந்தைந்தாக விரலால் தள்ளிக்கொண்டே போவாள். பக்கத்தில் ஊர் வம்பு முழுக்க ஓடிக்கொண்டிருக்கும், அவளும் இரண்டு வார்த்தை போடுவாள், கணக்கு மட்டும் பிசகாது. எண்ணும் இயந்திரம் வாங்கி வைத்த பிறகும், சந்தேகம் வந்தால் மேற்பார்வையாளர் அவளிடம்தான் கட்டைக் கொண்டுவருவார். விரல்நுனி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளுக்கு ஒரு திமிரே உண்டு.

அந்தத் திமிரை வீட்டிலும் காட்டியவள்தான். கல்யாணமான புதிதில், சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று வாய் கூசாமல் சொன்ன கணவரின் மணிக்கட்டை விளையாட்டாகப் பிடித்தபோது, நாடி குதிகுதியென்று குதித்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் அதுதான் நீதிமன்றம். "எங்க, கையைக் குடுங்க" என்றாலே அவர் சிரித்து, பாதியில் உண்மையைக் கக்கிவிடுவார். பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாள் இன்னும் தரவில்லை என்று புளுகிய மகளும் அதே கோர்ட்டில் மாட்டியிருக்கிறாள். வெளியில் எவன் எதைச் சொன்னாலும் நம்பாத அவள், அந்த நரம்பு சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ரத்தக் கொதிப்பு என்று தெரிந்து இந்த மாத்திரை வந்தது. அவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வண்டி சொல்லிக்கொடுப்பவர். அந்தப் பாஷையிலேயே அதையும் விளக்கினார். "என் என்ஜினுக்கு வேகக் கட்டுப்பாடு போட்டுட்டாங்க. இனிமே எவ்வளவு மிதிச்சாலும் வேகம் ஏறாது." ரத்த அழுத்தம் இறங்கியது. தொண்ணூறைத் தொட்டுக்கொண்டிருந்த நாடி அறுபதுக்கு வந்து நிலைத்தது. கை மட்டும் எப்போதும் சில்லென்று இருந்தது, மாடிப்படி ஏறினால் அசந்து உட்கார்ந்தார். மற்றபடி மனிதர் நிதானமாகிவிட்டார், வயசும் பக்குவமும் வந்துவிட்டது என்று அவள் மனதுக்குள் மெச்சிக்கொண்டாள். மாத்திரைக்குப் போகவேண்டிய பாராட்டு அது.

ஆறு மாசத்துக்கு முன் ஒரு நாள் மகளோடு போய் ஏதோ டெஸ்ட் எடுத்துக்கொண்டு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எல்லாம் நல்லா இருக்காம். மாத்திரையை மட்டும் விடாம போடச் சொன்னாங்க" என்றார். அவள் கேட்பதற்கு முன் தானாகவே கையை நீட்டினார். "வேணும்னா புடிச்சுப் பார்த்துக்கோ." பிடித்தாள். அறுபத்திரண்டு. முப்பத்தொரு வருஷத்தில் அவராகக் கையை நீட்டியது அன்றைக்குத்தான். அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோய்விட்டது. பாயசம் ஒன்றுதான் வைக்கவில்லை.

ஒரு மணிவாக்கில் மருந்துக் கடைக்காரர் வந்தார். தெருமுனையில் கடை, மாதாமாதம் மாத்திரை அங்கேதான். கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். கணவரைப் படுக்க வைத்திருந்த கூடத்தில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, அவளுக்கு எதிரில் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"நானும் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்க்கா" என்றார். "மூணு அடைப்பை வச்சுக்கிட்டு வெறும் மாத்திரையில வண்டி ஓட்டாதீங்க சார், டாக்டர் சொல்ற மாதிரி ஆபரேஷனைப் பண்ணிக்கங்கன்னு. கேட்டாத்தானே."

"யாருக்கு மூணு அடைப்பு?" என்று அவள் கேட்டாள்.

கடைக்காரர் மகளைப் பார்த்தார். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த மகள், கையில் தம்ளரோடு அப்படியே நின்றுவிட்டாள். அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. எவருடைய கையையும் பிடிக்கவேண்டிய அவசியமே இல்லாத முகம்.

"எனக்குத் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் கடைக்காரரிடம்.

"சத்தியமா தெரியாதுக்கா. வீட்ல எல்லாரும் பேசி, வேணாம்னு முடிவு பண்ணிட்டோம்னு சார் சொன்னாரு."

"நான் கேட்டேனே. கையைப் புடிச்சுக்கிட்டுத்தான் கேட்டேன். துடிப்பு ஏறவே இல்லையே."

"ஏறாதுக்கா. அது பீட்டா பிளாக்கர்னு ஒரு வகை. பயமோ பதற்றமோ வந்தா உடம்புல ஒண்ணு சுரக்கும், அது இதயத்தை விரட்டும். இந்த மாத்திரை அதை நடுவுல மறிச்சுடும். பளு குறையும், பிரஷர் இறங்கும், இதயம் சாவகாசமா அடிக்கும். உள்ளே அடைப்பு இருந்தாலும் இல்லாட்டியும் நாடி அறுபதுலதான் நிக்கும். நல்ல மாத்திரைதான். அடைப்பை மட்டும் அது எடுக்காது." அவர் தயங்கினார். பிறகு, சொல்லாமல் விடவும் மனம் வரவில்லைபோல. "சாரே ஒரு தடவை கேட்டாருக்கா. மனசுக்குள்ள படபடன்னு இருந்தா நாடி காட்டிக் குடுத்துடுமான்னு. இதைப் போட்டுக்கிட்டு இருந்தா அவ்வளவா காட்டாது சார்னேன். சிரிச்சுக்கிட்டே போனாரு. எதுக்குக் கேக்கறாருன்னு எனக்கென்ன தெரியும்?"

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. துக்கம் இல்லை. கோபம்தான், பச்சையான கோபம். தெரியாமல் நடந்ததில்லை. விசாரித்து, உறுதிப்படுத்திக்கொண்டு, செருப்பைக் கழற்றாமல் வந்து கையை நீட்டியிருக்கிறார். அவள் மட்டும் மறுநாளும் அதற்கு மறுநாளும் கடிகார முள்ளைப் பார்த்து எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறாள், நூற்றெண்பது நாளும்.

"இன்னிக்கு ஐம்பத்தி நாலு இருந்துச்சு. மாத்திரையைக் குடுத்துட்டேன். அதனாலயா?"

"அய்யோ, அதெல்லாம் இல்லக்கா! ஒரு நம்பர் குறைஞ்சதுக்கு யாராவது போவாங்களா? அந்த அடைப்புக்கு எந்த நிமிஷமும் நடந்திருக்கும். டாக்டரே இந்தப் பொண்ணுகிட்ட அதைத்தானே சொன்னாரு?"

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். மகள் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

"எத்தனை பேருக்குத் தெரியும்?"

"அம்மா..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"எனக்கு. இவருக்கு. கடைக்காரருக்கு. அப்பா வேலை பார்க்கற ஸ்கூல் முதலாளிக்கு."

"நாலு பேர். கட்டின பொண்டாட்டியைத் தவிர ஊருக்கே தெரியும்."

"உனக்குத் தெரிஞ்சா விடமாட்டேன்னு அப்பாவுக்குத் தெரியும்மா. இழுத்துக்கிட்டுப் போய் ஆபரேஷன் டேபிள்ல படுக்க வச்சிருப்பே."

"வச்சிருப்பேன். உசுரோட இருந்திருப்பாரு."

"நெஞ்சைப் பிளந்துடுவாங்கன்னு சின்னப் பிள்ளை மாதிரி நடுங்கினாரும்மா. ஆஸ்பத்திரி வாசல்ல என் தலையில கை வச்சு சத்தியம் வாங்கிட்டாரு. நான் என்ன பண்ணட்டும்?"

நடுங்கினாராம். அவளிடம் நடுங்காத மனிதர். முப்பத்தொரு வருஷம் பக்கத்தில் படுத்தவளிடம் சில்லென்ற கையை நீட்டிவிட்டு, நடுக்கத்தை மகளிடம் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார். மகளும் ஆறு மாசமாக வீட்டுக்கு வரும்போதெல்லாம் இரண்டு கையிலும் பையோடு வந்து, பையோடு போயிருக்கிறாள். பக்கத்தில் உட்காரவே இல்லை. வேலை அதிகம்போல, இளைத்துவிட்டாள் என்று இவள்தான் உருகிக்கொண்டிருந்தாள்.

"ஆறு மாசம் மறைச்சதை மன்னிச்சாலும் மன்னிச்சுடுவேன்" என்றாள் மெதுவாக. "அது உங்கப்பா வாங்கின சத்தியம். காலையில பத்தரைக்கு உன்னைக் கட்டிக்கிட்டு நான்தான் கொன்னுட்டேன்னு கதறினேனே. அப்பவும் வாயைத் திறக்கலையே. இந்த ரெண்டரை மணி நேரம் யாரு வாங்கின சத்தியம்?"

மகள் சமையல் மேடை மீதிருந்த தம்ளர்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தாள்.

"பயமா இருந்துச்சும்மா" என்றாள் கடைசியில். "உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியல. நாளைக்குச் சொல்லலாம், எல்லாம் முடிஞ்ச பிறகு சொல்லலாம்னு..."

"அதுவரைக்கும் நான் கொலைகாரியாவே இருக்கட்டும்னு."

"அப்படி இல்லம்மா."

"வேற எப்படி?"

மருமகன் கதவைத் தட்டி, வண்டி வந்துவிட்டது என்றான்.

மூன்று மணி வெயிலில் வாசலில் வேன் நின்றது. ஓட்டி வந்தவன் அவரிடம் வண்டி கற்றுக்கொண்டவன். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நான்கு பேர் ஸ்ட்ரெச்சரோடு அவரைத் தூக்கி ஏற்றி, நடுவில் வைத்தார்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீள இருக்கைகள். மகள் முதலில் ஏறிக்கொண்டு, உள்ளிருந்து குனிந்து அம்மாவுக்குக் கையை நீட்டினாள்.

அவள் அதைப் பார்த்தாள். கதவோரத்து இரும்புக் கம்பியைப் பற்றிக்கொண்டு, இடறி, தானே ஏறி எதிர்ப்பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். மகளின் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு மடிக்குத் திரும்பியது.

வண்டி நகர்ந்தது. ஸ்ட்ரெச்சரில் அவரைக் கட்டும் பட்டை ஒன்று அறுந்திருப்பதை அப்போதுதான் இருவரும் கவனித்தார்கள். வெயில் கண்ணாடி வழியாக அவருடைய சட்டைமேல் விழுந்து விழுந்து போனது. முழுசாக இருக்கிற சட்டை, ஒரு சுருக்கம்கூட இல்லை. நன்றாகத்தான் ஏமாற்றினீர்கள் என்று அவள் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல நினைத்தாள். மகள் இருந்ததால் சொல்லவில்லை.

முதல் வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியபோது அவர் பக்கவாட்டில் சரிந்தார். இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு கைகள் ஒரே நேரத்தில் பாய்ந்து அவரைப் பிடித்தன. மகளின் கைமேல் அவளுடைய கை விழுந்தது. அவள் தன் கையை எடுத்து, ஒரு முழம் தள்ளி, அவருடைய முழங்காலுக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டாள்.

அந்தச் சாலையில் வேகத்தடைகள் நிறைய. போய்ச் சேரும்வரை இருவருமே கையை எடுக்கவில்லை.