காகிதப்பூக் கவாத்து

போடியில் வாங்கிய பழைய வீட்டோடு சேர்ந்து வந்தது அந்தக் காகிதப்பூச் செடி. அடித்தண்டு தொடைப் பருமன். மாடிப்படியை அடைத்து, சுவர் தாண்டித் தெருவிலும் கவிழ்ந்து கிடந்தது. பூ என்று பார்த்தால் உச்சியில் நாலைந்து. கீழே பூராவும் முள்.

"மெஷின் வாள்காரனை வரச் சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழமை வேரோட எடுத்துருவான்," என்றார் சின்ராசு.

"வேணாம். கவாத்துப் பண்ணுனா பூக்கும். நான் பண்றேன்," என்றாள் அவர் மனைவி அமுதவள்ளி.

அவர் சிரித்துவிட்டார். மலையில் தேயிலை எஸ்டேட்டில் இருபத்திரண்டு வருசம் கவாத்து வெட்டியவர் அவர். கிழட்டுத் தேயிலைச் செடியைக் கட்டையாக நறுக்கிவிடும் அந்த வேலை ஆண்களுக்கு; கொழுந்து பறிப்பது பெண்களுக்கு. அதே எஸ்டேட்டில் கொழுந்து பறித்த அமுதவள்ளி கத்தியைத் தொட்டதே இல்லை. இப்போது அவருக்குத் தோள்பட்டை போய்விட்டது, கை தலைக்கு மேல் எழாது.

"நான் வெட்டுனதப் பாத்தா மட்டும் வந்துருமா?"

"இத்தன வருசம் பாத்திருக்கேன். வராதா?"

சனிக்கிழமை காலையில் அவருடைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, கத்தியும் ரம்பமுமாக இறங்கினாள். செத்த கொப்புகளை முதலில் எடுத்தாள். பிறகு ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தவை. கடைசியில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, பச்சையாக நின்றவற்றையும் சரிவாக வெட்டித் தள்ளினாள். முள் கையெல்லாம் கிழித்தது. மத்தியானத்துக்குள் வாசலில் ஒரு ஜீப்பு லோடு குவிந்துவிட்டது.

எதிர்வீட்டுச் சுப்புத்தாய் வாயில் கைவைத்தாள். "அடி ஆத்தா, இப்படி மொட்டையடிச்சுட்டியே!"

சாயங்காலம் இடுப்பளவில் ஆறு கட்டைகள்தான் நின்றன. சின்ராசு வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. ஆனாலும் வாள்காரனை வரவேண்டாம் என்று போன் பண்ணிவிட்டார்.

பதினைந்து நாள் ஒன்றுமே நடக்கவில்லை. "விறகாயிருச்சா?" என்று சுப்புத்தாய் தினமும் கேட்டாள். அமுதவள்ளி பட்டையை நகத்தால் கீறிப் பார்ப்பாள். உள்ளே பச்சை இருந்தது. அது போதும் அவளுக்கு.

இருபதாம் நாள் கத்தினாள். "ஏங்க, வெரசா வாங்க!"

கட்டைகளில் ஊசிமுனை போலச் சிவந்த துளிர்கள். சின்ராசு குனிந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "நல்லா வந்திருக்கு," என்றார்.

தையில் கொப்புகளைச் சுவரோரம் படுக்கவைத்துக் கட்டினாள். மாசியில் தண்ணீரைக் குறைத்தாள்.

"வாடுது, அமுதா."

"கொஞ்சம் வாடட்டும். அப்பத்தான் பூக்கும்."

பங்குனியில் சுவரே தெரியவில்லை, அத்தனை பூ. தேவாரம் ஊருக்குப் போகும் பஸ்சில் இருந்தவர்கள் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள் வாசலில் நின்று போட்டோ எடுத்தார்கள்.

சுப்புத்தாயும் வந்தாள். "எங்க வீட்டு முல்லை பூக்கவே மாட்டேங்குது. நீதான் ஆத்தா வந்து பாக்கணும்."

அமுதவள்ளி வாயைத் திறப்பதற்குள் சின்ராசு முந்திக்கொண்டார். "வெள்ளிக்கெழம அவளுக்குச் சிலமலையில சோலி இருக்கு. அதுக்கப்புறம் வருவா."

அவள் திரும்பினாள். "சிலமலையிலயா?"

"ரெண்டு வீட்டுல கவாத்து. நேத்துதான் ஒத்துக்கிட்டேன்."

"என்னையக் கேக்காமயா?" என்று அதட்டினாள். பொங்கி வந்த சிரிப்பை மட்டும் அடக்க முடியவில்லை.