எல்லோரும் எடுத்த பெட்டி

மருத்துவக் கல்லூரி நேர்காணலுக்கு வந்திருந்த பன்னிரண்டு பேரில் உயிரியல் படித்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் எல்லாம் வித்தியாசமானவர்கள். வித்தியாசமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே நாலு வருஷம் பாடுபட்டு வித்தியாசமானவர்கள்.

எங்கள் நாட்டில் மருத்துவத்துக்கு முன்னால் நாலு வருஷக் கல்லூரி உண்டு; அங்கே எதை வேண்டுமானாலும் மேஜராக, அதாவது முக்கியப் பாடமாக, எடுத்துப் படிக்கலாம். வேதியியல், இயற்பியல், உயிரியல் வகுப்புகளை ஓரமாக முடித்து வைத்துவிட்டால் போதும், மருத்துவத்துக்கு மனுப் போடலாம். முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு உயிரியல் எடுப்பார்கள். பிறகு மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் ஆலோசகன் எவனோ, உயிரியல் எடுத்தால் கூட்டத்தில் காணாமல் போய்விடுவீர்கள் என்று கிளப்பிவிட்டான். அன்றிலிருந்து தவளை அறுக்க வேண்டிய பிள்ளைகள் தத்துவம் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் என் ஊரான டுலூத்திலிருந்து பனியில் கார் ஓட்டிப் பக்கத்து மாநிலமான விஸ்கான்சின் வந்திருந்தேன். போன வருஷம் மனுப் போட்ட இடமெல்லாம் கையை விரித்துவிட்டார்கள். இந்த வருஷம் கூப்பிட்டது இந்த ஒரு கல்லூரிதான். நுழைவுப் பரீட்சை மார்க்குக்கும் ஆயுசு உண்டு, கோடையோடு என்னுடையது செத்துவிடும். அந்தப் பரீட்சையை இன்னொரு தரம் எழுத என்னால் ஆகாது. கிறிஸ்துமஸ் விருந்தில் எல்லார் முன்னாலும் டாரல் மாமா சொல்லிவிட்டார்: "கெடைக்கலன்னா செப்டம்பர்ல நம்ம கடைக்கு வந்துரு வெஸ்லி. கார்பெட் விக்கிறதுக்குப் பரீட்சை கிடையாது." மேஜையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். அந்தக் கடைக்குப் போவதைவிட எங்கள் ஊர் ஏரியில் குதித்துவிடலாம் என்று நினைத்தேன்.

காத்திருக்கும் அறையில் என் பக்கத்தில் ஹாலிஸ் என்று ஒருவன். வட்டக் கண்ணாடி போட்டிருந்தான். அதில் பவர் இருந்ததா என்பதே எனக்குச் சந்தேகம். கேட்காமலே ஆரம்பித்தான்.

"நான் ஃபிலாசபி. உடம்பைப் புரிஞ்சுக்கிறதுக்கு முன்னாடி, அதோட முடிவைப் புரிஞ்சுக்கணும்னு தோணுச்சு. மரணத்துக்குப் பக்கத்துல உக்காரத் தெரியாதவன் டாக்டரா இருந்து என்ன பிரயோஜனம், சொல்லு?"

"செத்தவங்க யார் பக்கத்துலயாவது உக்காந்திருக்கியா?"

"நேர்ல இல்ல. நெறைய படிச்சிருக்கேன்."

நான் அவசரப் பிரிவில் டாக்டருக்குப் பின்னால் நின்றுகொண்டு, நோயாளி சொல்வதைக் கணினியில் தட்டுகிற வேலை பார்க்கிறவன். சாவை அங்கே போதுமான அளவு பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லி அவன் மூக்கை உடைத்திருப்பேன். ஆனால் வரவேற்பு மேஜையில் இருந்த அம்மாள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாளுக்கும் மார்க் போடும் அதிகாரம் உண்டு என்று எங்கள் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை.

எதிரே ப்ளைத் என்ற பெண். பண்டைய கிரேக்க மொழி படித்தவளாம். "நோய்ங்க பேர்ல பாதி கிரேக்கம்தானே" என்றாள்.

"அப்போ நோயாளிகிட்டயும் கிரேக்கத்துலதான் பேசுவியா?"

அவள் அழகாகச் சிரித்தாள், மேஜை அம்மாளைப் பார்த்து.

ஜன்னலோரம் மேரன். நடனம் படித்தவள். அவளுக்கு வேலை வைக்காமல் நானே எடுத்துக் கொடுத்தேன்.

"தசை, எலும்பு, அசைவு... உடம்பை உள்ளேயிருந்து தெரிஞ்சுக்கிட்டே. அப்படித்தானே சொல்லப் போறே?"

"ஐயோ, இல்லப்பா. எனக்கு ஆடப் புடிக்கும். அவ்வளவுதான்."

"அதைச் சொன்னா உள்ளே விட்டுருவாங்களா?"

"விடலன்னா போயி ஆடுவேன்" என்றாள்.

எல்லோரையும்விடப் பெரிய கைகாரி இவள்தான் என்று முடிவு கட்டினேன். இவளுடைய ஆலோசகன் மற்றவர்களுடையவனைவிடக் கூடுதலாகக் காசு வாங்கியிருப்பான்.

மத்தியானம் கார்பின் என்ற இரண்டாம் வருஷ மாணவன் சாப்பாட்டுப் பெட்டிகளைக் கொண்டுவந்து அடுக்கினான். "சாப்பாட்டுக்கு மார்க்கெல்லாம் கிடையாது, ஃப்ரீயா இருங்க" என்றான். உடனே எல்லோருடைய முதுகும் நிமிர்ந்தது. கோழி, பன்றி இறைச்சி, காய்கறி என்று மூன்று விதம். வருங்கால டாக்டர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்க் காய்கறிப் பெட்டியை எடுத்தார்கள். கோழியும் பன்றியும் கோபுரமாக அப்படியே நின்றன. சிப்ஸ் பாக்கெட்டை ஒருவரும் பிரிக்கவில்லை. மெல்லும்போது சத்தம் வருமே! தத்துவமும் கிரேக்கமும் குனிந்த தலையோடு கொண்டைக்கடலையை மென்றுகொண்டிருந்த காட்சியைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. இதுகள் கையில் கத்தியைக் கொடுத்து, நாளைக்கு நாம் படுக்க வேண்டும்.

நானும் காய்கறிதான் எடுத்தேன். அது வேறு, எனக்கு அன்றைக்கு வயிறு சரியில்லை.

மேரன் மட்டும் கோழியை எடுத்து, சிப்ஸைப் பிரித்து நொறுக்கினாள்.

என்னை நேர்காணல் செய்தவர் டாக்டர் ரூத் கெல்னர், சிறுநீரக நிபுணர். அவர் மேஜையிலும் பாதி தின்ற சாப்பாட்டுப் பெட்டி ஒன்று இருந்தது. அலுப்பு முகத்திலேயே எழுதியிருந்தது. என் தாள்களைப் புரட்டிவிட்டு, "பயாலஜி" என்றார்.

நான் இதற்காகத்தான் காத்திருந்தேன்.

"ஆமா டாக்டர். வெளியில இருக்கிறவங்க மாதிரி நான் வேஷம் கட்டல. ஒருத்தர் ஃபிலாசபி, ஒருத்தர் கிரேக்கம், ஒருத்தர் டான்ஸ். எல்லாம் உங்க கண்ணுல படணும்னு போட்ட சட்டை. நான் டாக்டர் ஆகணும்னு நினைச்சேன், பயாலஜி படிச்சேன். நேர் வழி."

அவர் சிரித்தார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

"பரவாயில்லையே. பயாலஜில உங்களுக்கு எது புடிச்சுது?"

"செல் பயாலஜில ஏ வாங்கினேன். ஜெனடிக்ஸ்ல ஏ மைனஸ். அந்த வருஷம் அந்தப் பேராசிரியர்..."

"மார்க் இங்க இருக்கு, பாத்துட்டேன். புடிச்சது எதுன்னு கேட்டேன்."

"எல்லாமே புடிச்சுது."

"ம்." பேனாவை மூடி வைத்தார். "சரி, இப்படிக் கேக்கறேன். டாக்டர் படிப்புன்னு ஒண்ணு உலகத்துலயே இல்லன்னு வெச்சுக்குங்க. காலேஜ்ல என்ன படிச்சிருப்பீங்க?"

இது எல்லோரும் கேட்கிற கேள்வி. பதில் தயார் செய்துகொண்டு வருகிறவர்களை நினைத்து எத்தனை முறை சிரித்திருக்கிறேன்! தயார் செய்யாததே எனக்குப் பெருமையாக இருந்தது. வாயைத் திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. தேடினேன். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் ஓர் அலுவலர் "டாக்டரா?" என்று கேட்டார், நான் தலையாட்டினேன், "அப்போ பயாலஜி" என்று அவரே எழுதிக்கொண்டார். அவ்வளவுதான் நான் தேர்ந்தெடுத்த லட்சணம். அதற்கப்புறம் நாலு வருஷமும் மற்றவர்கள் எதைப் படிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். புத்தகத்தில் எதையும் பரீட்சைக்குத் தேவையானதற்கு மேல் ஒரு பக்கம் புரட்டிய ஞாபகம் இல்லை.

அவர் காத்திருந்தார். செப்டம்பர் நெருங்கிக்கொண்டிருந்தது.

"ஃபிலாசபி" என்றேன்.

"அப்படியா! ஏன்?"

"உடம்பைப் புரிஞ்சுக்கிறதுக்கு முன்னாடி... அதோட முடிவைப் புரிஞ்சுக்கணும். மரணத்துக்குப் பக்கத்துல உக்காரத் தெரியாதவன் டாக்டரா இருந்து..."

என் காதிலேயே ஹாலிஸின் குரல் கேட்டது. கண்ணாடி ஒன்றுதான் பாக்கி. டாக்டர் கெல்னர் திடுக்கிடவில்லை, கோபப்படவும் இல்லை. பெட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"காலையில ஒரு பையன் இதையேதான் சொன்னான்" என்றார். "ஆனா டாக்டர் படிப்பே இல்லன்னு நான் சொன்னேன். நீங்க மறுபடியும் டாக்டருக்கே வந்துட்டீங்க."

அதற்குப் பிறகு வானிலை பற்றிப் பேசினோம். திரும்பிப் போகும்போது பாலத்தில் வழுக்கும் என்று, மெதுவாகப் போகச் சொன்னார்.

வெளியே மேரன் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எப்படிப் போச்சு?"

"அந்தம்மாவுக்குப் பயாலஜியே புடிக்காது போல."

அவள் நம்பவில்லை. நம்புகிற மாதிரி தலையாட்டினாள், அதுதான் எரிச்சலாக இருந்தது. மிச்சமிருந்த கோழிப் பெட்டி ஒன்றை என் கையில் திணித்து, "தூரம் போகணும்ல, எடுத்துக்க. அந்தக் கடலையை நீ முழுங்கினதைப் பாத்தேன்" என்றாள். அவளை எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை. காரில் உட்கார்ந்து அந்தக் கோழியை எலும்பு மிச்சமில்லாமல் தின்றேன்.

மார்ச்சில் இல்லை என்று பதில் வந்தது. மேரனுக்கு இடம் கிடைத்ததாம், ஹாலிஸுக்கும் கிடைத்ததாம். அந்தக் கல்லூரியில் இனி யார் வைத்தியம் பார்த்துக்கொள்வார்களோ, பாவம்.

நான் இப்போது டாரல் மாமா கடையில் நிற்கிறேன். வேலை ஒன்றும் கஷ்டமில்லை. வாடிக்கையாளர்கள்தான் மூளையில்லாதவர்கள். தங்கள் வீட்டுத் தரைக்கு என்ன நிறம் வேண்டும் என்று தெரியாமலே கிளம்பி வந்துவிடுவார்கள். நேற்று ஒரு பெண்மணி மாதிரித் துண்டுகளை எல்லாம் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"இதுல உங்களுக்கு எது புடிச்சிருக்கு?"

நான் பழுப்பு நிறத்தை எடுத்து நீட்டினேன்.

"எல்லாரும் இதைத்தான் வாங்கறாங்க மேடம்" என்றேன்.