அவள் திருத்தாத வாக்கியம்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், இந்தக் கதை நான் யோசித்துக் கண்டுபிடித்தது இல்லை. நகலெடுக்கப் போன கடைக்கு மேல்மாடியில் ஒரு சுருக்கெழுத்து வகுப்பு. டீச்சரின் குரல் படிக்கட்டு வரை கேட்டது. "சாட்சி உளறினா நீயும் உளறலாவே எழுதும்மா. அழகாக்கித் தரச் சொல்லி உன்னை யார் கேட்டா?" திட்டு வாங்கியவள் இறங்கி வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். அவளைக் கதைக்குள் தூக்கி வந்துவிட்டேன்.

2

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் அவள்

(வேண்டாம். அன்று மழையே இல்லை.)

அவளுக்கு வேகம் இருந்தது, நிமிடத்துக்கு நூற்றிருபது சொல். கோளாறு துல்லியத்தில். முன்பு வேலை பார்த்த அலுவலகத்தில் மேலாளர் மென்று விழுங்கிச் சொன்னதையெல்லாம் எட்டு வருஷம் நல்ல கடிதமாக்கிக் கொடுத்த கை அது. சாட்சி "வந்தான்... இல்ல, வரல" என்றால் "வரவில்லை" என்று மட்டும் எழுதும். நீதிமன்றச் சுருக்கெழுத்தர் தேர்வில் அது பிழை. இரண்டு முறை அதிலேயே கோட்டை விட்டாள். அடுத்த மாதம் மூன்றாவது முறை. அதோடு வயது வரம்பும் முடிகிறது. தேறினால் வேலை வேறு ஊரில்.

3

வீட்டில் அவள் எழுதிப் பழக வாசித்துக் கொடுப்பவன் கணவன், லாரி மெக்கானிக்.*

அந்த ஞாயிறு அவனுக்குப் பழைய சாட்சியப் புத்தகம் சலித்துப்போனது. "இன்னைக்கு நானா பேசறேன், எழுதிக்கோ" என்றான். ஒரு நிமிடம் பேசினான். அவள் நோட்டைப் பார்த்து வாசித்தாள்.

"நீ தேர்வில் வெற்றி பெற வேண்டும் என்பதே என் விருப்பம்."

"நான் இவ்வளவு அழகாவா பேசினேன்?"

"இதைத்தானே சொன்னீங்க."

"நோட்டுல இருக்கறதைப் படி."

அவள் மறுபடி வாசித்தாள், இந்த முறை நோட்டில் இருந்தபடியே.

"நீ பாஸாகணும்னுதான் நானும்... வந்து... ஆகலைன்னா நல்லதுன்னு நேத்து ஒரு நிமிஷம்... இல்ல, ஒரு நிமிஷம் இல்ல."

ஒரு பிழைகூட இல்லை. கை முதன்முறையாக எதையும் திருத்தவில்லை, வாய்தான் திருத்தப் பார்த்தது. அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

* முதல் வரைவில் இவனை வில்லனாக எழுதினேன். பாவம், கை கழுவின ஈரம் காயும் முன்பே புத்தகத்தோடு உட்காருகிறவன். மனம் வரவில்லை.

4

இரண்டு முடிவு எழுதினேன். ஒன்றில் அவள் தேறுகிறாள், அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிடுகிறான். இன்னொன்றில் அவள் நோட்டைக் கிழித்து

(இரண்டையும் அடித்துவிட்டேன். நானும் அழகாக்கத்தான் பார்க்கிறேன்.)

நடந்தது இவ்வளவுதான். "எத்தனை நாளா?" என்று அவள் கேட்டாள். அவன் வாயைத் திறந்தான். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. அவன் இடத்தில் உட்கார்ந்து நீங்கள் சொல்லுங்கள். அவள் பக்கத்தைப் புரட்டி, பென்சிலோடு காத்திருக்கிறாள்.