பதினோரு வருஷ மட்டம்

காலை பத்தரைக்குச் சட்டைப்பையில் போன் இரண்டு தடவை உறுமியது. எடுத்துப் பார்க்காமலே அவருக்குத் தெரியும். 'தங்கள் மகள் இன்று வகுப்புக்கு வரவில்லை.' பதினோரு வருஷமாக, வேலைநாள் தவறாமல் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிற செய்தி. அவருக்கோ மகளும் கிடையாது, மகனும் கிடையாது.

பல்கலைக்கழகத்தில் எல்லோருக்கும் அவர் 'சர்வர் சார்'. இருபத்து மூவாயிரம் மாணவர்களின் பிறந்த தேதி, பாடம், மதிப்பெண், வருகை, பெற்றோர் நம்பர் அத்தனையும் அவருடைய காவல். சர்வர் கணினிகள் ஓடும், ஜன்னலில்லாத அறை. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொள்ள வேண்டும். இயந்திரங்களுக்குக் குளிர் வேண்டும். மனுஷனுக்கு என்ன வேண்டும் என்று யார் கேட்டார்கள்? அந்தக் கதவை யாராவது தட்டினால் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். எல்லாம் ஒழுங்காக ஓடினால் நாள் முழுக்க வாயைத் திறக்க வேண்டியிருக்காது. வீட்டுக்குப் போனாலும் அதே கதைதான், மனைவி இறந்த இந்த நாலு வருஷமாக.

அந்த மகள் பிறந்தது இந்த அறையில்தான். வராத மாணவர்களின் வீட்டுக்குத் தானாகவே செய்தி போகிற ஏற்பாட்டைச் செய்து முடித்தபோது, சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு பொய் மாணவி தேவைப்பட்டாள். பெயர் கேட்டது கணினி. பிள்ளை பிறந்தால் வைக்கலாம் என்று மனைவி ஆசையாக எடுத்து வைத்து, பிறக்காததால் வீணாய்ப் போன பெயரைத் தட்டினார். பெற்றோர் நம்பருக்குத் தன் நம்பர். மறுநாள் பத்தரைக்கு முதல் செய்தி வந்ததும் அப்படியே மனைவிக்கு அனுப்பிவிட்டார். அழுதுவிடுவாளோ என்று பயந்தார். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: 'லேசா காய்ச்சல். நான்தான் போக வேண்டாம்னு சொன்னேன்.'

அன்றிலிருந்து ஏழு வருஷம். அவர் தினமும் அனுப்புவார், அவள் தினமும் ஒரு சாக்கு சொல்லுவாள். 'செருப்பு அறுந்துபோச்சாம்.' 'மழைல எப்படிப் போவா?' 'கூப்பிட்டுப் பார்த்தேன், எந்திரிக்கல. உங்க பொண்ணுதானே.' ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து அனுப்பிய கடைசிச் சாக்கு: 'என்கூட உட்கார்ந்திருக்கா. திட்டாதீங்க.' அதற்குப் பிறகும் செய்தி நிற்கவில்லை. சாக்குச் சொல்லத்தான் ஆளில்லை. ஏன் இன்னும் அந்தப் பதிவை வைத்திருக்கிறார் என்று கேட்டால், காலையில் செய்தி வந்தால் சிஸ்டம் நன்றாக ஓடுகிறது என்று அர்த்தம் என்பார். யாரும் கேட்டதில்லை.

புதன்கிழமை பதிவாளர் அலுவலகக் கண்காணிப்பாளர் அம்மாள் கதவைத் தட்டினார். வெள்ளிக்கிழமை மாலையோடு இந்தச் சிஸ்டத்துக்கு மூடுவிழா. எல்லாப் பதிவுகளும் புதியதற்கு மாற வேண்டும். ஒவ்வொன்றும் உண்மையான ஆள்தான் என்று கையெழுத்துப் போட வேண்டியது அந்த அம்மாள்.

"ஒரு தலை அதிகமா வருது சார். ஒரு பொண்ணு. பதினோரு வருஷமா முதல் செமஸ்டர்லயே இருக்கா. ஒரு பரீட்சை எழுதல, ஒரு நாள் கிளாசுக்கு வரல. அடேயப்பா, இப்படி மட்டம் போட்டவளை நான் பார்த்ததே இல்ல."

சிரித்துக்கொண்டே தாளை நீட்டிய அம்மாள், பெற்றோர் நம்பரில் கண்ணை ஓட்டியதும் சிரிப்பை நிறுத்தினார். அவசரத்துக்கு எத்தனை தடவை கூப்பிட்ட நம்பர். அப்புறம் பெண்ணின் பெயரைப் பார்த்தார். நாலு வருஷத்துக்கு முன் துக்கம் விசாரிக்க வீட்டுக்கு வந்தவர் அவர். அன்று இவர் அழுத அழுகையில் இந்தப் பெயரும் வந்திருந்தது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே சார்."

"என்னன்னு சொல்றது? சும்மா டெஸ்டுக்குன்னு போட்டது."

அம்மாள் தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் கையெழுத்துப் போடாம வச்சிருக்கேன். அதுக்கு மேல என் கைல இல்ல" என்றார்.

வெள்ளிக்கிழமை பத்தரைச் செய்தி வரும்வரை சர்வர் சார் காத்திருந்தார். வந்தது. அதன் பிறகுதான் பதிவைத் திறந்தார். வருகைக் கணக்கு உள்ள எந்த மாணவரையும் அழிக்க முடியாது. காரணம் காட்டி வெளியேற்றத்தான் முடியும். ஒருத்தர் நினைத்தால் ஒரு பிள்ளையைத் துடைத்துப் போட்டுவிடக் கூடாது என்று அவரே வைத்த கட்டுப்பாடு. இப்போது அவர் கழுத்துக்கே வந்து நின்றது. திரையில் நாலு காரணங்கள்: படிப்பு முடிந்தது. நீக்கம். மரணம். இடமாற்றம். மூன்றாவதைத் தாண்டும்போது சுட்டியை வேகமாக நகர்த்தினார். இடமாற்றம். எங்கேயோ போய் நன்றாக இருக்கட்டும்.

போன் உறுமியது. அவர் எதிர்பார்க்கவில்லை. 'தங்கள் மகளின் மாற்றுச் சான்றிதழைப் பெற்றோர் நேரில் வந்து மூன்றாம் எண் கவுண்டரில் பெற்றுக்கொள்ளவும்.' அந்த வாக்கியத்தை எழுதியதும் அவர்தான், எந்தக் காலத்திலோ.

ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வெளியே வந்தார்.

மூன்றாம் எண் கவுண்டரில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஊழியர் என்று சொல்லி முன்னால் போயிருக்கலாம். கடைசியில் போய் நின்றார். இங்கே வந்து என்ன செய்யப் போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. முன்னால் நின்ற பெரியவர் திரும்பி, கோப்பால் விசிறிக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"உங்களுக்கும் பொண்ணுங்களா?"

"ஆமாங்க."

"நல்லாப் படிப்பாளா?"

"எங்க? ஒரே மட்டம்."

"அப்போ அம்மா செல்லம்னு சொல்லுங்க."

"அவ குடுத்த செல்லம்தான்" என்றார் சர்வர் சார். சொன்னதும் சிரிப்பு வந்துவிட்டது. பெரியவரும் சிரித்தார். வாய்விட்டுச் சிரித்து எத்தனை நாளாகிறது. வரிசை நகர்ந்தது, ஒவ்வொரு அடியாக அவரும் நகர்ந்தார்.

பெரியவர் சான்றிதழை வாங்கிக்கொண்டு, "வரட்டுங்களா" என்று தலையசைத்துப் போனார். கண்ணாடிக்குப் பின்னால் கண்காணிப்பாளர் அம்மாளே உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தார். நீங்கள் ஏன் சார் இங்கே என்று கேட்கவில்லை. பதிவேட்டில் புது வரிக்கு நேராக அளவுகோலை நகர்த்தி வைத்தார். அதுவரை எல்லா அப்பாக்களிடமும் கேட்ட அதே குரலில் கேட்டார்.

"பொண்ணு பேரு சொல்லுங்க."

நாலு வருஷமாக அவர் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. பின்னால் யாரோ இருமினார்கள். அம்மாள் பேனாவைக் காகிதத்துக்கு மேல் பிடித்தபடி, அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். அவர் கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் இருந்த சிறிய வட்ட ஓட்டைக்கு நேராகக் குனிந்தார்.